தொழிற்பாடம்: ஒட்சிசன் சென்சரை மாற்ற முன் சோதித்துப் பாருங்கள்



கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தராசு முள்ளு 12 கிலோவில் நிற்கும். "இல்லைங்க ஐயா, இன்னைக்கு பதினஞ்சுக்கு மேலே பறிச்சிருக்கேன்" என்று அம்மா சொல்லுவார். இதில் இரண்டில் ஒன்றுதான் உண்மை. தராசு பிழையாக இருக்க வேண்டும், அல்லது கொழுந்து குறைவாக இருக்க வேண்டும். சத்தம் போட்டு இதைத் தீர்க்க முடியாது. நிறை தெரிந்த ஒரு எடைக்கல்லைத் தராசில் தொங்கவிட்டால் விஷயம் முடிந்துவிடும். முள்ளு சரியாகக் காட்டினால் தராசில் குற்றமில்லை.

இன்றைய பாடம் பழைய பெற்றோல் கார்களில் உள்ள ஒட்சிசன் சென்சரைப் பற்றியது. இதற்கும் அதே நியாயம்தான். சென்சரும் ஒரு தராசு. அது காட்டும் கணக்கு பிடிக்கவில்லை என்பதற்காக அதைக் கழற்றி எறியக்கூடாது. முதலில் எடைக்கல் வைத்துப் பார்க்க வேண்டும். கராஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்கும், ஹயர் ஓடிப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் இது பயன்படும்.

ஒரு உதாரணம்

ஓய்வு பெற்ற அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தில் மகன் ஒரு பழைய டொயோட்டா கொரோலா கார் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1990களில் வந்த, இன்ஜெக்டர் உள்ள 5ஏ எஞ்சின். தோட்டத்திலிருந்து டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயர் ஓடுகிறான். சில மாதங்களில் பெற்றோல் செலவு கூடுகிறது. சைலன்சர் வாய் கறுத்துப் போகிறது. வருடாந்த லைசன் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனால் கார் தோல்வி. டாஷ்போர்டில் எஞ்சின் லைட்டும் எரிகிறது. ஒரு கராஜில் பார்த்துவிட்டு, "ஒட்சிசன் சென்சர் போயிருச்சு தம்பி, மாத்தினா சரி" என்கிறார்கள். கடன் வாங்கி மாற்றுகிறான். ஒரு கிழமையில் அதே லைட், அதே கறுப்புப் புகை.

பிழை எங்கே நடந்தது? பாடத்தின் கடைசியில் பதில் வரும். அதற்குள் உங்களுக்கே விளங்கிவிடும்.

சென்சர் என்ன வேலை செய்கிறது?

லயத்து அடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகு அதிகம், காற்று குறைவு என்றால் கரும்புகை. காற்று அதிகம், விறகு குறைவு என்றால் சூடு போதாது. எஞ்சினிலும் அப்படித்தான். 1 கிலோ பெற்றோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் அதை 'ரிச்' என்றும், காற்று கூடினால் 'லீன்' என்றும் மெக்கானிக்மார் சொல்வார்கள்.

எரிந்து முடிந்த புகையில் ஒட்சிசன் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சென்சரின் வேலை. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் இது பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே சிர்க்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. சூடு 300 பாகை செல்சியசைத் தாண்டியதும், இரண்டு பக்கத்து ஒட்சிசன் வித்தியாசத்தால் ஒரு சிறிய மின்னழுத்தம் உண்டாகும். புகையில் ஒட்சிசன் இல்லை என்றால், அதாவது ரிச் என்றால், சுமார் 0.9 வோல்ட். ஒட்சிசன் மிஞ்சினால், அதாவது லீன் என்றால், சுமார் 0.1 வோல்ட்.

இந்தக் கணக்கைப் பார்த்து எஞ்சின் கம்பியூட்டர் பெற்றோலைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். ஆகவே நல்ல எஞ்சினில் முள்ளு ஒரு இடத்தில் நிற்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டம்தான் ஆரோக்கியம்.

1976ஆம் ஆண்டில் வொல்வோ கார்களில் முதன்முதலாக இது வந்தது. செய்தது ஜெர்மனியின் பொஷ் கம்பெனி. நம் மலைநாட்டில் இதற்குத் தனிப் பயன் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பை விட அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பழைய காபரேற்றர் வண்டி மேலே ஏற ஏற ரிச்சாகி இழுவை குறையும். சென்சர் உள்ள வண்டி தானாகவே கணக்கைத் திருத்திக்கொள்ளும். சென்சர் செத்தால் அந்தத் திருத்தமும் நின்றுவிடும்.

முதலில் பாதுகாப்பு

எஞ்சின் ஓடும்போது செய்யும் சோதனை எல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். பெற்றோல் சரியாக எரியாத புகையில் காபனோரொட்சைட்டு அதிகம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கராஜிலோ, லயத்தோடு ஒட்டிய கொட்டகையிலோ வண்டியை ஓடவிட்டால் உயிர் போகலாம். குளிர் என்று கதவைச் சாத்திவிட்டு வேலை செய்யவே கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு சில்லுக்குக் கல் வையுங்கள். புகைக்குழாய் கையைச் சுடும். காற்றாடியிடமிருந்து சேலை, சட்டைக்கை, தலைமுடியை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கண்ணாலும் காதாலும் பார்க்க வேண்டியவை

மீற்றரை எடுக்க முன் இவற்றைப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

1. எயார் கிளீனர் அடைத்திருக்கிறதா?

2. பிளக், பிளக் வயர் சரியா? ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், அதிலிருந்து எரியாத ஒட்சிசன் அப்படியே வெளியே வரும். பெற்றோல் வீணாகப் போய்க்கொண்டிருந்தாலும் சென்சர் 'லீன்' என்றுதான் சொல்லும்.

3. சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் வெடிப்பு, கேஸ்கட் ஒழுக்கு இருக்கிறதா? குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் சந்தேகப்படுங்கள். அந்த ஓட்டையால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டுச் சென்சரை ஏமாற்றும்.

4. சென்சர் வயர் புகைக்குழாயில் பட்டு உருகியிருக்கிறதா? பிளக் கனெக்டரில் எண்ணெய், பச்சைப் பூஞ்சணம் இருக்கிறதா?

5. தேர்மோஸ்டட் இருக்கிறதா? சில இடங்களில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "இப்ப வண்டி சூடாகாது" என்பார்கள். மலைநாட்டுக் குளிரில் அந்த எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வராது. கம்பியூட்டர் 'இன்னும் குளிர்' என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

6. எஞ்சினுக்கு மேலே ஓடும் சின்ன ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா? ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வளைத்தால்தான் தெரியும்.

படி 2: லைட் என்ன சொல்கிறது?

1990களின் டொயோட்டா வண்டிகள் பலவற்றில் பொனட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே எந்தத் துளைக்கு என்ன பெயர் என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். அதில் டீ.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். வேறு துளையில் தவறியும் வயர் படக்கூடாது. பட்டரி கரண்ட் வரும் துளையும் அங்கே உண்டு.

பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஒன் பண்ணுங்கள். எஞ்சின் லைட் மின்னும். ஒரே சீராக மின்னிக்கொண்டே இருந்தால் பதிவான பிழை இல்லை. இரண்டு முறை மின்னி, சற்று நிறுத்தி, ஒரு முறை மின்னினால் இலக்கம் 21. அது ஒட்சிசன் சென்சர் வரிசையைக் குறிக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 21 என்றால் 'சென்சர் செத்துவிட்டது' என்று அர்த்தமல்ல. 'சென்சரிலிருந்து வர வேண்டிய ஆட்டம் வரவில்லை' என்றுதான் அர்த்தம். முள்ளு ஆடாததற்குத் தராசும் காரணமாகலாம், கொழுந்தும் காரணமாகலாம். இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வயர்த்துண்டைக் கழற்றிவிடுங்கள்.

படி 3: எடைக்கல் சோதனை

இதற்கு வேண்டியது ஒரு டிஜிட்டல் மல்ட்டி மீற்றர். முள்ளு வைத்த பழைய மலிவு மீற்றர் வேண்டாம். சென்சர் தருவது மிகச் சிறிய மின்சாரம். முள்ளு மீற்றர் அதையே குடித்துவிட்டுப் பிழையான கணக்குக் காட்டும். அதேபோல சென்சரின் சிக்னல் வயரில் ஓம்ஸ் அளக்காதீர்கள். மீற்றர் அனுப்பும் கரண்ட் சென்சரைக் கெடுத்துவிடலாம்.

அ. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பின்பு நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். ஒற்றை வயர் சென்சருக்குள் ஹீட்டர் கிடையாது. ஐட்லிங்கில் விட்டால் அது ஆறிப்போய்ச் செத்தது போல நடிக்கும்.

ஆ. மீற்றரை டிசி 2 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு வயர் பட்டரி நெகட்டிவில். சிவப்பு வயர் சென்சர் சிக்னலில். வயரை வெட்ட வேண்டாம். கனெக்டரின் பின்பக்கத்தால் ஒரு மெல்லிய ஊசியைச் செருகித் தொடலாம். சில வண்டிகளில் முன்சொன்ன கறுப்புப் பெட்டியிலேயே ஓ.எக்ஸ்.1 என்ற துளை இருக்கும். அதிலும் அளக்கலாம்.

இ. 2,500 சுற்றில் பிடித்துக்கொண்டு 10 விநாடி எண்ணுங்கள். கணக்கு 0.1க்கும் 0.9க்கும் இடையில் 8 தடவையோ அதற்கு மேலோ ஆடினால் சென்சர் நல்ல உயிரோடு இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

ஈ. ஆட்டம் இல்லை என்றால் எடைக்கல் வையுங்கள்.

ரிச் எடைக்கல்: அக்சிலேட்டரைப் படக்கென்று ஒரு தரம் முழுதாக அமுக்குங்கள். அந்தக் கணம் பெற்றோல் கூடும். கணக்கு 0.8க்கு மேலே பாய வேண்டும்.

லீன் எடைக்கல்: சுற்றை 3,500 வரை ஏற்றிவிட்டு அக்சிலேட்டரைத் திடீரென விடுங்கள். சூடான இன்ஜெக்டர் எஞ்சினில் அந்தக் கணம் கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்திவிடும். வெறும் காற்றுத்தான் வெளியேறும். கணக்கு 0.2க்குக் கீழே விழ வேண்டும்.

லீன் பார்ப்பதற்கு ஒரு வெக்குவம் ஹோஸைப் பிடுங்கச் சிலர் சொல்லித் தருவார்கள். காற்றை நேரே அளக்கும் எஞ்சினில் அது சரிவரும். நம்முடைய உதாரணக் காரில் உள்ளது காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெற்றோல் கொடுக்கும் எஞ்சின். ஹோஸைப் பிடுங்கினால் இதன் கம்பியூட்டர் பெற்றோலையும் சேர்த்துக் கூட்டிவிடும். நீங்கள்தான் ஏமாறுவீர்கள்.

படி 4: தீர்ப்பு

ரிச்சுக்கு ஏறி, லீனுக்கு இறங்கியது, ஆனால் மற்ற நேரம் எல்லாம் 0.8க்கு மேலேயே நிற்கிறது: சென்சர் நல்லது. எஞ்சின் உண்மையிலேயே ரிச். பெற்றோல் பிரஷர், ஒழுகும் இன்ஜெக்டர், தண்ணீர்ச் சூட்டுச் சென்சர், காற்றழுத்தச் சென்சரும் அதன் ஹோஸும் என்று தேடுங்கள்.

ஏறி இறங்கியது, ஆனால் மற்ற நேரம் 0.2க்குக் கீழேயே நிற்கிறது: சென்சர் நல்லது. காற்று ஒழுக்கு, புகைக்குழாய் ஓட்டை, எரியாத பிளக், அடைத்த பெற்றோல் பில்டர் என்று தேடுங்கள்.

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை: முதலில் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். அவை சரியென்றால் சென்சர் செத்துவிட்டது. மாற்றலாம்.

ஏறுகிறது, இறங்குகிறது, ஆனால் கிழவர் படியேறுவது போல மெதுவாக: சென்சருக்கு வயதாகிவிட்டது. மாற்றுவது நல்லது. ஹீட்டர் இல்லாத பழைய வகை பொதுவாக 50,000 முதல் 80,000 கிலோமீற்றர் வரைதான் நன்றாக உழைக்கும். ஹீட்டர் உள்ளவை அதைவிடக் கூடுதலாக ஓடும்.

மூன்று, நான்கு வயர் உள்ள சென்சரில் ஒரே நிறமான இரண்டு வயர் பெரும்பாலும் ஹீட்டருடையது. எஞ்சினை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி, அந்த இரண்டுக்கும் இடையில் மட்டும் ஓம்ஸ் அளக்கலாம். சாதாரணமாக 3 முதல் 15 ஓம்ஸ் வரை இருக்கும். கணக்கே வராவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

படி 5: கழற்றுவதும் பூட்டுவதும்

வாங்கும்போது வண்டியின் மொடல், எஞ்சின் இலக்கம், வயர் எண்ணிக்கை மூன்றையும் கொண்டு போங்கள். பழைய சாமான் கடையில் வாங்குவதாக இருந்தால், பொருத்திச் சோதித்து ஆட்டம் இல்லாவிட்டால் திருப்பித் தரலாமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

1. பட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கட்டும். பச்சையாக ஆறிப்போனால் மரை இறுகிவிடும். கொதிக்கும்போது கை வைத்தால் தோல் உரியும்.

2. மரை எண்ணெய் தெளித்து அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். பெரும்பாலான சென்சருக்கு 22 மில்லிமீற்றர் ஸ்பனர். வயர் வெளியே வர வெட்டு விட்ட சொக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. சில டொயோட்டாவில் சென்சர் இரண்டு நட்டில் கேஸ்கட்டோடு உட்கார்ந்திருக்கும்.

3. அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். கொஞ்சம் திருப்பி, மீண்டும் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி திருப்புங்கள். மெனிபோல்டின் மரை போனால் செலவு சென்சரை விடப் பெரிது.

4. கழற்றியதன் முனையைப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் எஞ்சின் ரிச்சாக ஓடியிருக்கிறது. சாம்பல் படிந்து எண்ணெய்ப் பசையாக இருந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. வெள்ளை மா போன்ற படிவு என்றால் சிலிக்கோன் பசை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே ஒழுகியிருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் சாகும். முன்பு ஈயம் கலந்த பெற்றோலும் சென்சரைக் கொன்றது. 2002இல் இலங்கையில் அந்தப் பெற்றோல் நிறுத்தப்பட்டது.

5. புதியதன் மரையில் மட்டும் மரை இறுகாத கிரீஸ் மெல்லிதாகத் தடவுங்கள். புதுச் சென்சர் பலவற்றில் அது ஏற்கனவே தடவியிருக்கும். முனையில் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. பெற்றோலில் கழுவுவதும் கூடாது. கீழே விழுந்த சென்சரை நம்பாதீர்கள், உள்ளே இருப்பது பீங்கான்.

6. முதலில் கையாலேயே மரையேற்றுங்கள். கடைசியில்தான் ஸ்பனர். மரை வகைக்கு சுமார் 40 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். காலால் மிதித்து இறுக்க வேண்டாம்.

7. வயரைப் புகைக்குழாயில் படாமல் பழைய கிளிப்பிலேயே கட்டுங்கள். வயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். பல சென்சர்கள் அந்த வயரின் உட்பக்கம் வழியாகத்தான் வெளிக்காற்றைச் சுவாசிக்கின்றன.

8. சாவியை ஓப் பண்ணிவிட்டு ஈ.எப்.ஐ. பியூசை அரை நிமிடம் கழற்றிப் பூட்டினால் பழைய இலக்கம் அழியும். பிறகு படி 3ஐ மீண்டும் செய்யுங்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று சொல்லலாம்.

உதாரணத்துக்குப் பதில்

அந்தப் புதுச் சென்சரில் மீற்றரை வைத்தால் கணக்கு 0.85இல் நிற்கிறது. அக்சிலேட்டரை ஏற்றிவிட்டு விட்டால் 0.1க்கு விழுகிறது. அப்படியென்றால் தராசு நல்லது. அனேகமாகப் பழைய தராசும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். எஞ்சின் உண்மையாகவே ரிச்.

தேடினால், காற்றழுத்தச் சென்சருக்குப் போகும் விரல் நீள ரப்பர் ஹோஸ் நுனியில் வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பால் வெளிக்காற்று புகுந்து, 'எஞ்சின் பாரம் இழுக்கிறது' என்று கம்பியூட்டருக்குப் பொய்ச் செய்தி போகிறது. அது பெற்றோலை அள்ளி ஊற்றுகிறது. ஒட்சிசன் சென்சர் மட்டும் 'ரிச், ரிச்' என்று உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. உண்மை சொன்னவனைத்தான் கழற்றி எறிந்தார்கள்.

வெடித்த நுனியை வெட்டி மீண்டும் செருகலாம், அல்லது சில ரூபாயில் புதிய ஹோஸ் போடலாம். நாள் கடந்தால் நட்டம் பெருகும். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள கன்வேட்டருக்குள் போய் அதை உருக்கி அடைத்துவிடும். அதன் விலை சென்சரை விடப் பல மடங்கு.

பிள்ளைகளே, கராஜுக்கு வரும் ஒவ்வொரு பழைய வண்டிக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் காசு இருக்கிறது. "இதுதான் போயிருக்கு" என்று சொல்வதற்கு முன் பத்து நிமிடம் மீற்றரைப் பிடியுங்கள். "எனக்குத் தெரியலீங்க, சோதிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்வதில் வெட்கமில்லை. வண்டி வைத்திருப்பவர்களும், "மாத்துறதுக்கு முன்னாடி மீற்றர்ல ஒருக்கா காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பயிற்சிக் கேள்விகள்

1. ஒரு சிலிண்டரில் பிளக் எரியவில்லை. ஒட்சிசன் சென்சர் ரிச் என்று சொல்லுமா, லீன் என்று சொல்லுமா? ஏன்?

2. இலக்கம் 21 வந்தது. உடனே சென்சர் வாங்கலாமா? அடுத்ததாக என்ன செய்ய வேண்டும்?

3. சென்சரின் சிக்னல் வயரில் ஏன் ஓம்ஸ் அளக்கக்கூடாது?

4. ரிச் எடைக்கல், லீன் எடைக்கல் இரண்டையும் உங்கள் வார்த்தையில் எழுதிப் பாருங்கள்.

பதில்கள் எல்லாம் பாடத்துக்குள்ளேயே இருக்கின்றன. எழுதி முடித்ததும், வீட்டில் கார் ஓட்டும் அண்ணனிடமோ மாமாவிடமோ வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்கினால் உங்களுக்கும் விளங்கிவிட்டது.